பால் பூத் ரோடு, பதினேழாம் நம்பர்

பண்ருட்டியில் சாலையோரம் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தவர் எங்களை நிறுத்தி ஆளுக்கு இரண்டு சுளை கொடுத்தார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. காலையில் காப்பிக்கு முன்னால் பலாச்சுளை தின்றது எனக்கு அதுதான் முதல் தடவை. கோயம்புத்தூரில் தள்ளுவண்டியில் விற்பதை எல்லாம் பண்ருட்டிப் பழம் என்றுதான் சொல்வார்கள். நாங்களும் நம்பி வாங்குவோம். அறுத்த இடத்திலேயே தின்றபோதுதான் இத்தனை வருடம் ஏமாந்தது தெரிந்தது.

"எதுக்கும்மா இந்த சைக்கிளு? இன்னா விழிப்புணர்வு?" என்று அவர் கேட்டார்.

சென்னையிலிருந்து கிளம்பிய நாள் முதல் எல்லா ஊரிலும் இதே கேள்விதான். ஒன்பது பெண்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரிசையாகச் சைக்கிளில் போனால், புற்றுநோய்க்கோ பிளாஸ்டிக்குக்கோ விழிப்புணர்வு என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள்.

"ஒண்ணுக்கும் இல்லீங்க. சும்மாதானுங்க," என்றார் எங்கள் தலைவி ரோசலின் டீச்சர்.

"சும்மாவா?" அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "சும்மான்னா பஸ்ஸுல போவலாமேம்மா. உங்களுக்குத்தான் டிக்கட்டே கெடையாதே!"

ரோசலின் டீச்சர் ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அவர் முன்னால் போவார். கடைசியில் நித்யா வருவாள். மற்றவர்கள் இந்த இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். டீச்சரைத் தாண்டவும் கூடாது, நித்யாவுக்குப் பின்னால் தங்கவும் கூடாது. எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருந்தது. நடுவில் போகிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

நான் கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறேன். நித்யா அங்கே தங்கியிருப்பவள். காலையில் நான் மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் போய் வருவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்க டூருக்கு நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நானும் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் போனபோது, அவள் போனில் யாரிடமோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி, நெய்வேலி. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நான் வரேன் நித்யா" என்றேன். அவள் காரணம் கேட்டாள். நான் சொல்லவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. நான் பத்தாவது படித்த வருடம் அம்மா இறந்துபோனாள். பரீட்சை முடிந்ததும் அப்பா வேலையை விட்டுவிட்டு, என்னையும் தம்பியையும் தென்காசிப் பக்கம் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். குவார்ட்டர்ஸ் வீடு வேலை இருக்கும்வரைதான். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த ஊரில் நமக்கு யாரும் இல்லை. பக்கத்து வீட்டார் மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகை அங்கிருந்து வராது. ஓர் ஊருக்குப் போக ஏதாவது காரணம் வேண்டும். எனக்கு அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை. அப்படியே தலை நரைத்துவிட்டது.

அம்மாவின் போட்டோ ஒன்று இருக்கிறது. ஸ்டுடியோவில் விறைப்பாக நின்று எடுத்தது. அதில் இருப்பது அம்மா மாதிரியே இருக்காது. என் அம்மா சமையலறையில் நிற்பவள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசற்படியில் நின்று கூப்பிட்டால், அடுப்பிலிருந்து முகத்தை மட்டும் திருப்பிப் பார்ப்பாள். கை கரண்டியிலேயே இருக்கும். அந்த முகம் சில வருடங்களாக எனக்கு வருவதில்லை. முதுகு வருகிறது, பின்னல் வருகிறது. திரும்பும்போது கலைந்துவிடுகிறது. அந்தச் சமையலறை வாசலில் ஒரு நிமிடம் நின்றால் முகம் வந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதற்காகத்தான் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கியர் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு இவ்வளவு தூரம் மிதித்து வந்தேன்.

ஆனால் நெய்வேலி ஊருக்குள் நாங்கள் போவதாக இல்லை. மெயின் ரோட்டில் டவுன்ஷிப்புக்குத் திரும்பும் ஆர்ச் கேட்டில் டீ குடித்துவிட்டு நேராகச் சேத்தியாத்தோப்பு. ஊருக்குள் போக டீச்சரிடம் அனுமதி கேட்க வேண்டும். முந்தைய இரண்டு இரவும் கேட்பதற்கு வாக்கியம் தயார் செய்துகொண்டு படுத்தேன். காலையில் அவர் விசிலைக் கேட்டதும் வாக்கியம் ஓடிவிடும்.

பண்ருட்டி தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்புகள். பூவும் பிஞ்சுமாக ஒரு மணம். லாரிகள் எங்களை உரசுவதுபோல வந்து, ஹாரனை அமுக்கிவிட்டுப் போயின. ஒரு மேட்டில் நான் கியரை மாற்றப்போய், மேலே தள்ள வேண்டியதைக் கீழே தள்ளி, சங்கிலி கழன்று காலைச் சுற்றிக்கொண்டது. முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பாவம்டி, வயசான காலத்துல இன்னா வேண்டுதலோ," என்றாள் ஒருத்தி.

"வேளாங்கண்ணிக்கா இருக்கும்," என்றாள் மற்றவள்.

வேண்டுதல் என்று அவள் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டே சங்கிலியை மாட்டினேன். கை முழுக்கக் கிரீஸ். நிமிர்ந்தபோது தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. அதன்பிறகு எனக்குக் கால் வலி தெரியவில்லை.

ஆர்ச் கேட் டீக்கடையில் எல்லோரும் வடை தின்றார்கள். எனக்கு இறங்கவில்லை. டீச்சர் கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டு விசிலை எடுத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பின்னால் நித்யாவின் குரல் கேட்டது.

"டீச்சர், எனக்குப் பஞ்சர்!"

நான் கடவுளுக்கு நன்றி சொல்லவில்லை. நித்யாவுக்குச் சொன்னேன், மனதுக்குள். பிறகு டீச்சரிடம் போய் நின்றேன்.

"என்ன மல்லிகா? பாத்ரூமா?"

"இல்லீங்க டீச்சர். உள்ள... எங்க வீடு இருக்கு."

"உனக்கு இங்க வீடா? மூணு நாளா கூடவே வர்றே, வாயத் தொறந்தியா நீ?"

"இப்ப இல்ல டீச்சர். அப்ப. அம்மா இருந்தப்ப."

தயார் செய்த வாக்கியத்தில் இது எதுவும் இல்லை. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, டயரைக் கழற்றத் தெரியாமல் கழற்றிக்கொண்டிருந்த நித்யாவைப் பார்த்தார்.

"அவ எப்படியும் அரை மணி நேரம் பண்ணுவா. தனியா யாரையும் விடறதில்ல நான். இன்னைக்கு உனக்கு மட்டும். வழி தெரியுமா?"

"தெரியும் டீச்சர்," என்றேன். வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

டவுன்ஷிப்புக்குள் சைக்கிள் தானாகப் போனது. அகலமான ரோடு, ஆள் நடமாட்டமில்லாத நடைபாதை. எனக்குத் தெரிந்த பெரிய மரங்கள் பல இல்லை. புயலில் போய்விட்டன என்று கேள்விப்பட்டிருந்தேன். நிழல் இருந்த இடங்களில் எல்லாம் வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த அமைதி மட்டும் இருந்தது. பகலில் இங்கே யாரும் சத்தம் போட மாட்டார்கள். எந்த ரோட்டிலும் நாலு வீட்டிலாவது நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது சண்டையைக்கூடக் கிசுகிசுவென்றுதான் போடுவோம். தென்காசிக்குப் போன புதிதில் தெருவில் எல்லோரும் கத்திப் பேசுவதைக் கேட்டு, ஏதோ தகராறு என்று பயந்திருக்கிறேன்.

எங்கள் ரோட்டுக்குப் பலகையில் ஒரு பெரிய தலைவரின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. முனையில் பால் பூத் இருந்ததால் அது எங்களுக்குப் பால் பூத் ரோடு. கடிதத்தில் மட்டும்தான் தலைவர் பெயர் வரும். எனக்கு அது மறந்தே போய்விட்டது. பால் பூத் கண்ணில் பட்டதும் பிரேக்கைப் பிடிக்காமலேயே திரும்பினேன். வலது வரிசை. பதினேழாம் நம்பர்.

அதே வீடு. அதே தாழ்வான சுற்றுச்சுவர், இரும்புக் கேட், கதவுக்கு இடது பக்கம் ஜன்னல். சுவருக்கு மட்டும் வேறு நிறம். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. அதற்குள் ஒரு பெண் ஈரத்துணி வாளியோடு வெளியே வந்தாள். என்னைவிடச் சில வயது இளையவளாக இருப்பாள்.

"கொரியருங்களா?" என்று மெல்லக் கேட்டாள். ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"இல்லீங்க. நான் சின்ன வயசுல இந்த வீட்டுலதான் இருந்தேன். அம்மா இங்கதான்... ஒரே ஒரு தடவ உள்ள பார்த்துட்டுப் போயிடறேங்க."

அவள் என்னவோ சொல்ல வாய் திறந்தாள். பிறகு என் கிரீஸ் கையையும் கண்ணையும் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல உள்ள வாங்க. இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு. மெதுவா வாங்க, வூட்டுக்காரரு நைட்டு முடிச்சிட்டுப் படுத்துகினு இருக்காரு."

அவள் பெயர் வசந்தா. முன் அறையில் அவள் கணவர் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு பாயில் படுத்திருந்தார். அவர் காலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அப்பாவும் இப்படித்தான் வழியை மறித்துப் படுப்பார். சமையலறையிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. "ஐயோ, அடிபிடிக்கப் போவுது," என்று வசந்தா எனக்கு முன்னால் ஓடினாள். நான் வாசற்படியில் நின்றுவிட்டேன்.

சிமெண்ட் மேடை. அதற்கு மேல் கம்பி வைத்த சின்ன ஜன்னல். பக்கத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய பலகைத் தட்டு. எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிளறினாள்.

"ஏங்க," என்றேன். எதற்காகக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

வசந்தா கரண்டியை விடாமல் முகத்தை மட்டும் திருப்பினாள்.

அவ்வளவுதான். அம்மா வந்துவிட்டாள். உதட்டுக்கு மேல் வேர்வை, ஆவிக்காக ஒரு கண்ணை மட்டும் சுருக்கியிருப்பது, 'வந்துட்டியா, கையக் கழுவு' என்று சொல்லாமல் சொல்கிற அந்தச் சின்ன எரிச்சல். எரிச்சலை நான் மறந்தே போயிருந்தேன். போட்டோவில் இல்லாதது அதுதான்.

நான் அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாதே என்று. வசந்தா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். நான் மேடையைத் தொட்டுப் பார்த்தேன்.

"இந்த மூலையிலதாங்க உப்புச் சாடி இருக்கும்."

"அப்பிடிங்களா?"

"அந்த ஜன்னல்ல எப்பவும் ஒரு கண்ணாடி. அதுலதான் எனக்குப் பொட்டு வெச்சு விடுவாங்க."

"உம்," என்றாள் வசந்தா. பிறகு, "ரெண்டு வாயி சாப்புடுங்க," என்று தட்டை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை. கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அந்தத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். குழம்பில் மாங்காய் போட்டிருந்தாள். நடுவழியில் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது என்பது டீச்சரின் இன்னொரு சட்டம். ஞாபகம் இருந்தும் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

"யாரு வசந்தா அது?"

அவள் கணவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு சமையலறையில் சோறு தின்னும் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் தூக்கம் போய்விடும்.

"சின்ன வயசுல நம்ம குவார்ட்டர்ஸ்ல இருந்தவங்களாம்," என்றாள் வசந்தா அவசரமாக. "நீங்க போயி படுங்க."

"நம்ம குவார்ட்டர்ஸ்லயா? எங்கப்பாவுக்கு அலாட் ஆன வீடு இது, அவருக்கப்புறம் வேலையோட எனக்கு வந்துச்சு. நான் பொறந்ததே இங்கதான்." அவர் கொட்டாவியை அடக்கினார். "எந்த ரோடும்மா உங்களுது?"

"பால் பூத் ரோடுங்க," என்றேன்.

"அதானே பார்த்தேன். பூத்து அப்ப அடுத்த ரோட்டு முனையிலதானே இருந்துச்சு? புயல்ல மரம் விழுந்து நொறுங்கிப்போச்சு. அப்புறம்தான் இங்க கொண்டாந்து வெச்சாங்க. உங்க பதினேழு அங்க. இது எங்க பதினேழு." அவர் லேசாகச் சிரித்தார். "நீங்க பரவால்லம்மா. எங்க சித்தப்பா ஊர்லேருந்து வந்தா ரெண்டு வீட்டுல காப்பி குடிச்சிட்டுத்தான் எங்க வீட்டக் கண்டுபிடிப்பாரு."

நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள்.

"வாசல்லயே தெரியும்ங்க எனக்கு," என்றாள். "சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க அந்தக் கேட்டப் புடிச்சிகினு நின்னீங்க பாருங்க, சொல்ல மனசு வரல. அப்புறம் மேடையத் தொட்டுகினு உப்புச் சாடின்னீங்க. அதுக்கு மேல எப்பிடிச் சொல்றது?"

எழுந்து கை கழுவினேன். எனக்கு வெட்கமாக இல்லை. அதுதான் ஆச்சரியம். டீக்கடையில் மீதிச் சில்லறை கேட்கவே வெட்கப்படுகிறவள் நான்.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வழிகாட்ட வந்தார். அடுத்த ரோடுதான், நடந்தே போய்விட்டோம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அந்த வரிசையில் எந்த வீட்டிலும் ஆள் இல்லை.

"பழுதாயிட்ட வீடுங்க. காலி பண்ணி ரொம்ப நாளாச்சு. உள்ள போயிடாதீங்க, பாம்பு கெடக்கும்."

பதினேழு என்ற எண் சுவரில் பாதி உதிர்ந்திருந்தது. கதவு இல்லை. கூரையில் கம்பி தெரிந்தது. முன் அறையில் ஓர் ஆமணக்குச் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. வாசலிலிருந்து பார்த்தால் நேராகச் சமையலறை தெரிந்தது. மேடை இடிந்து கீழே கிடந்தது. ஜன்னல் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது.

நான் காத்திருந்தேன். அவர் பக்கத்தில் நிற்பதைப் பொருட்படுத்தாமல், "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். உள்ளே மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆடு முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி செடியைக் கடித்தது.

எனக்கு அங்கே அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அம்மா பதினைந்து வருடம் சமைத்த இடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் முந்தைய ரோட்டுக்காக ஏங்கினேன். இன்னும் ஒரு தடவை அந்த வாசற்படியில் போய் நின்று, அந்தப் பெண்ணை ஒரு தடவை திரும்பிப் பார்க்கச் சொன்னால் போதும் என்றிருந்தது. அதை எப்படி ஒருவரிடம் கேட்பது?

போன் அடித்தது. டீச்சர் பேசவில்லை. விசில் அடித்தார்.

வசந்தாவின் கணவரிடம் சொல்லிக்கொண்டு ஏறி மிதித்தேன். வந்த ரோடு வழியாகவே திரும்பியபோது வசந்தா தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "இன்னொரு வாட்டி வந்தா நேரா இங்கியே வந்துடுங்க," என்றாள், நைட் ஷிப்ட்காரர்களுக்காகக் குரலைத் தாழ்த்தி. நான் தலையை ஆட்டினேன். நிற்கவில்லை. நின்றால் கிளம்ப முடியாது என்று தெரிந்தது.

வடலூர் தாண்டியதிலிருந்து எதிர்க்காற்று. மிதித்தாலும் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்கள்.

"அக்கா, உங்க பின்னாடி வந்தா கருவாட்டு வாசன வருது," என்று நித்யா கத்தினாள். "எங்களுக்கு மட்டும் ஆறிப்போன வடையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று நாளில் அவர்கள் என் சிரிப்பைக் கேட்டது அதுதான் முதல் முறை. டீச்சர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, கடைத்தெருவில் ஒரு கரும்புச்சாறு வண்டி ஓரமாக நிறுத்தினோம். டீச்சர் தன் தம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வீட்டப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் டீச்சர்."

"எப்படி இருக்குது?"

இடிந்த மேடை கண்ணில் வந்தது. ஆடு வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு மாங்காய் போட்ட குழம்பின் ஆவி வந்தது.

"அப்படியேதான் இருக்குங்க டீச்சர்," என்றேன்.

"குடுத்து வெச்சவ," என்றார் அவர். விசிலை எடுத்துத் துடைத்தார்.

அப்போது சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்து நின்றது. நாங்கள் வந்த திசையில் போகிற பஸ். "வடலூர், நெய்வேலி! வடலூர், நெய்வேலி ஏறு!" என்று கண்டக்டர் படியில் தொங்கியபடி கூவினார். கூட்டம் இல்லை. ஜன்னலோரச் சீட்டுகள் பல காலியாக இருந்தன. சாலையில் ஹெல்மெட்டோடு நின்ற என்னைப் பார்த்து, "இன்னாம்மா, வரீங்களா?" என்றார்.

டீச்சரின் விசில் கேட்டது. வரிசை கிளம்பத் தொடங்கியது. நான் ஒரு காலைப் பெடலிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு, அந்த பஸ் திரும்பி மறையும்வரை நின்றேன்.